அண்ணை தடுத்த வாக்கு

விசா என் கைக்கு வந்தபோது அண்ணையைத் தகனம் செய்து இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. விண்ணப்பத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் 'மரணச் சடங்கு' என்று எழுதியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண், சடங்குதான் முடிந்துவிட்டதே என்றாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று ஒன்று இருக்கிறது, அன்றுதான் சாம்பலைத் தண்ணீரில் விடுவோம் என்று விளக்கினேன். அவள் எதையோ தட்டச்சு செய்தாள். பத்து நாள் தந்தார்கள்.

அண்ணை என்னைவிட மூன்று வயது மூத்தவர். எண்பத்துமூன்று இனக் கலவரத்துக்கு அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர். சுவிட்சர்லாந்தில் ஓல்டன் என்ற ஊரில், வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார்.

இடையில் ஒரே ஒரு தடவைதான் ஊருக்கு வந்தார், போர் முடிந்த பிறகு. அந்த வருகையைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. என் மகள் வதனி வன்னியில் மணம் முடித்திருந்தாள். போரின் கடைசி மாதங்களில் அவளும் கணவனும் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து, சுவரில் இருந்த அவளுடைய படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார். இருந்த இரண்டு கிழமையும் அவள் பெயரை எடுக்கவேயில்லை. வெளிநாட்டுக் குளிர் மனுசனின் நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

சூரிச் விமான நிலையத்தில் அண்ணையின் மகள் அபிரா நின்றாள். அங்கேயே பிறந்தவள், பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சித்தப்பா, உந்தச் சட்டையோட நிண்டா விறைச்சுப் போவீங்கள். இதைப் போடுங்கோ," என்று ஒரு தடித்த குளிர்ச்சட்டையைத் தந்தாள். அண்ணையுடையது. கை எனக்கு அளவாக இருந்தது.

ரயிலில் யாரும் பேசவில்லை. யாழ்ப்பாண வண்டியில் வவுனியா தாண்டுவதற்குள் எதிரே இருப்பவரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், யாருக்கு என்ன வருத்தம் என்பது வரை தெரிந்துவிடும். வடைக்காரர் நாலு தடவை காலை மிதித்திருப்பார். இங்கே எதிரில் இருந்த பெண் என் முழங்காலில் தன் பை பட்டதற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு சன்னல் பக்கம் திரும்பியவள் ஓல்டன் வரும்வரை திரும்பவில்லை.

வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உங்கட அண்ணையைப் பார்க்க இவ்வளவு பிந்தி வந்திட்டியள்," என்றார். சாவுத் துடக்கு உள்ள வீடு என்பதால் மரக்கறிச் சமையல். புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். மேசையில் தலைமயிரைப் பின்னியதுபோல ஒரு பெரிய ரொட்டி இருந்தது. மேல்மாடிச் சுவிஸ்காரி ஒவ்வொரு ஞாயிறும் சுட்டுக்கொண்டு வருகிறாளாம். தமிழ் தெரியாது, ஆறுதல் சொல்லவும் தெரியாது. ரொட்டியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுப் போவாளாம். கீழே உடுப்புத் தோய்க்கும் அறைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்கி அட்டவணை போட்டிருந்தார்கள். வியாழனுக்கு எதிரே அண்ணையின் பெயர் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. இனி யாருக்கும் அதை அழிக்க மனம் வராது.

அடுத்த நாள் காலை அபிரா ஒரு பெரிய கடித உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு தேநீர் குடித்தாள். உள்ளே வாக்குச்சீட்டுகள். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டலாமா என்று ஒரு கேள்வி, வரி சம்பந்தமாக இன்னொன்று. பேனாவால் ஓம், இல்லை என்று எழுதி, உறையை ஒட்டி, கைப்பைக்குள் வைத்தாள். வேலைக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போடுவாளாம்.

"அவ்வளவுதானோ? விரல்ல மை இல்லையோ? பொலிஸ் இல்லையோ?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அப்பாவும் இப்பிடித்தான் பக்கத்தில இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு இங்க வாக்கு இல்லை. பாஸ்போட் எடுங்கோ அப்பா எண்டு எத்தனையோ தரம் சொன்னனான். எனக்கு உது வேண்டாம் பிள்ளை, நான் போடாமலே வேண்டின அளவு செய்திட்டன் எண்டுவார். எனக்கு விளங்கிறதில்லை."

எனக்கும் விளங்கவில்லை. ஊரிலிருந்து இளவயதில் போனவர். அங்கும் இங்கும் வாழ்நாளில் ஒரு வாக்குக்கூடப் போடாத மனுசன் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நான் பிரதேச செயலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் எழுதுவினைஞராக இருந்தவன். தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையத்தில் கடமை. அபிராவுக்கு அந்த ஒரு தேர்தலைப் பற்றிச் சொன்னேன். ஜனாதிபதியின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் ஊரில் 'அவர்' என்றாலே விளங்கும். அவர் முதல் தடவை நின்றபோது, வடக்கில் யாரும் வாக்களிக்கக் கூடாது என்று இயக்கத்தின் கட்டளை இருந்தது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விடியற்காலை பெட்டியை முத்திரையிட்டு வைத்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். பொலிஸ்காரர் தூங்கி வழிந்தார். மாலையில் பெட்டியைத் தூக்கியபோது கொண்டுவந்த பாரமே இருந்தது. அவர் மிகக் கொஞ்ச வித்தியாசத்தில் வென்றார். எங்கள் பக்கத்து வாக்குகள் விழுந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கடைசிப் போர். போர் முடிந்த அடுத்த வருடம் தெற்கில் சனம் அவருக்கே திரும்பவும் அள்ளிப் போட்டது.

"முதல் தரம் தெரியாமல் போட்டவை எண்டாலும் பரவாயில்லை," என்றாள் அபிரா. "எல்லாத்தையும் பார்த்தாப் பிறகும் ஏன் சித்தப்பா போட்டவை?"

"நான் ஒருத்தரிட்டையும் கேட்டதில்லை பிள்ளை." அது உண்மை. கந்தோரில் சிங்கள அதிகாரிகளோடு வேலை செய்திருக்கிறேன், பரீட்சை எழுதிச் சிங்களம் படித்திருக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கப் பயந்தேன். பதில் கேட்டால் பிறகு அந்த மனிதரோடு தேநீர் குடிக்க முடியாமல் போய்விடும்.

அபிரா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவோட வேலை செய்த நிலந்தி அன்ரி ரெண்டு தரமும் அவருக்குத்தான் போட்டவவாம். அப்பா சொன்னவர். அம்மாக்கு அதனாலதான் அவவைப் பிடிக்காது. ஆனா அப்பா விழேக்கை பிடிச்சது அவதான். அப்பாவின்ர லொக்கர் சாமான் எல்லாம் அவவிட்டை இருக்கு. அம்மா போகமாட்டா."

நான் போகிறேன் என்றேன்.

நிலந்தி பாசலில் இருக்கிறாள். ஓல்டனிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. அபிரா நடைமேடை எண்ணை எழுதித் தந்தாள். நான் சரியான படியில் ஏறி, எதிர்ப்பக்கத்தில் நின்ற வண்டியில் ஏறிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வண்டி நின்றால் நான் என்ன செய்ய? பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, இது பேர்ன் போகும் வண்டி, நடுவில் நிற்காது என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, தண்டம் எழுதவில்லை. சீட்டின் பின்புறம் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டு, திரும்பும்போது இதைக் காட்டுங்கள் என்றார்.

பக்கத்தில் இருந்த கிழவர் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். இலங்கை என்றதும், "உங்கள் நாட்டு ஜனாதிபதிகளின் முகம் எனக்குக்கூடத் தெரியும். செய்தியில் காட்டிக்கொண்டே இருப்பார்கள்," என்றார். உங்கள் ஜனாதிபதி யார் என்று கேட்டேன். "எங்களுக்கு வருடத்துக்கு ஒருவர். இந்த வருடம்..." என்று மேலே பார்த்தார். நினைவு வரவில்லை. எதிரில் இருந்த பெண்ணைக் கேட்டார். அவளும் ஒரு பெயரைச் சொல்லி, இல்லை, அது போன வருடம் என்று கைத்தொலைபேசியை எடுத்தாள். ஒரு நாட்டின் ஜனாதிபதி யாரென்று அந்த நாட்டுக்காரரே தேடிப் பார்க்க வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை! பேர்னில் இறங்கி, நாடாளுமன்றம் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காமல், அடுத்த வண்டியில் ஏறினேன்.

பாசல் நிலையத்தில் நிலந்தி ஒன்றரை மணி நேரமாக நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மூக்கு குளிரில் சிவந்திருந்தது. அண்ணையின் குளிர்ச்சட்டையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிங்களத்தில், "மல்லி, பசியோடு இருப்பீர்கள்," என்றாள். மல்லி என்றால் தம்பி. என்னைவிட இளையவள்தான், அண்ணை என்னைத் தம்பி என்று சொல்லிக் கேட்ட பழக்கம். அண்ணையை அவள் 'அய்யா' என்றுதான் சொன்னாள். சிங்களத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

டிராம் வண்டியில் ஆறு நிறுத்தம். சின்ன வீடு, தனியாக இருக்கிறாள். போர் முடிந்து சில வருடம் கழித்துக் குருநாகல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சுவிஸ்காரரை மணந்து வந்து, பிறகு பிரிந்தவள். நான் துடக்குக்காரன் என்பதை நினைவில் வைத்து மரக்கறிதான் சமைத்திருந்தாள். பருப்பு, பலாக்கொட்டைக் கறி, தேங்காய்ச் சம்பல். பலாக்கொட்டையைத் தாயிலாந்துக் கடையில் தேடிப் பிடித்தாளாம். எங்கள் வீட்டுக் கறியிலிருந்து ஒரு பிடி மிளகாய்தான் வித்தியாசம். நான் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்ட வாயோடு எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அவளே தொடங்கினாள்.

"அபிரா சொல்லியிருப்பாள். நான் யாருக்குப் போட்டேன் என்று."

"சொன்னாள்."

"கேளுங்கள் மல்லி. அய்யாவும் கேட்டார்."

ஏன் என்று கேட்டேன்.

அவளுக்கு ஒரு தம்பி. வயலில் ஒன்றும் மிஞ்சாத காலத்தில் இராணுவத்தில் சேர்ந்தான். "எங்கள் கிராமத்தில் மாதத்துக்கு ஒரு பெட்டி வரும். முத்திரை வைத்த சவப்பெட்டி, திறக்க விடமாட்டார்கள். அம்மா தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள். இந்த மனுசர் முதல் தடவை வந்தபோது எங்களைப் போலப் பேசினார். முடித்துத் தருகிறேன் என்றார். முன்னால் இருந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. எப்படி முடிப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்."

"இரண்டாம் தடவை?"

"தம்பி ஒரு காலோடு வந்தான். ஆனால் உயிரோடு வந்தான். போர் முடிந்தது என்று வானொலியில் சொன்ன நாள் நாங்கள் சந்தியில் பாற்சோறு பொங்கி, போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் மறித்துக் கொடுத்தோம். நான்தான் கிண்டினேன். என் கையால் கொடுத்தேன்."

எனக்குத் தெரியும், அந்த நாள் எந்த நாள் என்று. அன்று நானும் மனைவியும் ஒரு சிறிய வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு, முகாம்களுக்கு வந்தவர்களின் பெயர் ஏதும் சொல்வார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். சாப்பிட்ட தட்டை மேசையில் தள்ளி வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"இரண்டாம் தேர்தலில் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டாள்.

"மற்றவருக்கு."

"அவரும் அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதிதானே?"

"ஓம்."

"பிறகு ஏன்?"

"இவர் தோற்க வேண்டும் என்று."

அவள் தலையாட்டினாள். "எனக்கு என் தம்பி. உங்களுக்கு உங்கள் மகள். இரண்டு பேருமே வேறு ஒன்றையும் பார்க்கவில்லை." கொஞ்சம் பொறுத்து, "இப்போது ஊரில் போய்க் கேட்டுப் பாருங்கள். அவருக்குப் போட்டதாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். விலைவாசி ஏறிப் பெற்றோல் வரிசையில் நின்ற பிறகு, நாங்கள் அப்போதே எதிர்த்தோம் என்கிறார்கள். என் தம்பியும் அப்படித்தான். அப்படியென்றால் யார்தான் போட்டது? நான் போட்டேன் என்று சொல்ல ஒருத்தியாவது இருக்க வேண்டாமா?"

அதை அவள் அண்ணையிடமும் சொல்லியிருக்கிறாள், சமையலறையில், பாற்சோறு உட்பட. அண்ணை அதைக் கேட்டுவிட்டு ஒரு கோடை முழுக்க அவளோடு பேசவில்லை. பாத்திரத்தை நீட்டினால் வாங்குவார், முகத்தைப் பார்க்கமாட்டார். பிறகு ஒரு நாள், கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலும் சுவிஸ் ஜெர்மனிலும் சொன்னாராம். நிலந்தி அதை எனக்கு அப்படியே சொன்னாள்.

"நீ வாக்குப் போட்டு அவரைக் கொண்டுவந்தாய். நான் போடவிடாமல் கொண்டுவந்தேன். ஊரில் இருந்த என் தம்பிக்கு டெலிபோன் எடுத்து, போடாதே என்று சொன்னேன். அவன் என் சொல்லைத் தட்டாதவன். பிறகு அவனுடைய பிள்ளை போய்விட்டது. அவன் பெட்டியில் விழுந்திருக்க வேண்டிய வாக்கு என்னால் விழவில்லை. அவன் முகத்தைப் பார்த்து அந்தப் பிள்ளையைப் பற்றி எப்படிக் கேட்பேன்?"

நிலந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் தள்ளி வைத்த தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அண்ணை தொலைபேசி எடுத்தது உண்மை. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு. "தம்பி, ஒருத்தரும் போடக்கூடாதாம். நீயும் போடாதை. உனக்கு ஒண்டு நடந்தா நான் இங்க இருந்து என்ன செய்யிறது?" என்றார். "சரி அண்ணை," என்றேன். ஆனால் தேர்தல் கடமைக்குப் போகும் அரசாங்க ஊழியர்களுக்குத் தபால் வாக்கு உண்டு. ஒரு கிழமைக்கு முன்பே, கந்தோரின் உள்ளறையில், அவருக்கு எதிராக நின்றவருக்குப் போட்டு உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். வெளியே தெரிந்தால் ஆபத்து. அண்ணைக்குத் தெரிந்தால் மனவருத்தம். ஆகவே யாருக்கும் சொல்லவில்லை, மனைவிக்குக்கூட. பயம் போன பிறகு சொல்லியிருக்கலாம். அண்ணை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பொய் என்றே நினைத்து மறந்துபோனேன். அந்தப் பொய்யை அவர் இத்தனை வருடமும் பாத்திரங்களுக்கு நடுவில் நின்று சுமந்திருக்கிறார்.

நிலந்தி ஒரு துணிப்பையைத் தந்தாள். அண்ணையின் வேலைச் சப்பாத்து, ஒரு மூக்குக் கண்ணாடி, வேலை உடுப்பு இரண்டு, தோய்த்து மடித்தவை. நிலையம்வரை கூட வந்து, சரியான வண்டியில் ஏற்றி, நான் இருக்கையில் உட்காரும்வரை சன்னலுக்கு வெளியே நின்றாள். நான் அண்ணியைக் கேட்காமலே, முப்பத்தோராம் நாளுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்து அண்ணியிடம் அதைச் சொன்னபோது அவர் துணிப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வரட்டும். அவருக்குக் கடைசியாத் தண்ணி குடுத்த கை," என்றார்.

முப்பத்தோராம் நாள், ஓல்டன் நடுவே ஓடும் ஆரே ஆற்றங்கரைக்குப் போனோம். ஊரில் என்றால் கீரிமலை, கடல் உப்பு, ஆயிரம் சனம். இங்கே பச்சைத் தண்ணீர், ஓட்டம் அதிகம், ஒரு வாத்துச் சோடி, நாயோடு போன ஒருவர் எங்களைக் கண்டு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கடந்து போனார். ஐயர் வேட்டிக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டையும் காலில் பூட்ஸுமாக, வாயிலிருந்து ஆவி பறக்க மந்திரம் சொன்னார். ஆண் பிள்ளை இல்லாததால் நான் கிரியை செய்தேன். நிலந்தி வெள்ளைச் சேலை கட்டி, கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் நின்றாள். அண்ணி அவளைப் பார்த்து, பக்கத்தில் வரும்படி கையைக் காட்டினார். வந்து நின்றாள்.

கற்படியில் இறங்கினேன். தண்ணீர் கணுக்காலில் பட்டதும் கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. அபிரா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பானையைச் சரித்தேன். சாம்பல் ஒரு கணம் மேலே வெள்ளையாக விரிந்து நின்றது. பிறகு ஆறு அதை இழுத்துக்கொண்டு பாலத்துக்குக் கீழே போனது. பூவையும் விட்டேன். வெறும் பானையைப் பிடித்தபடி குனிந்து நின்றேன்.

"அண்ணை," என்றேன், "நான் போட்டனான்."

அபிரா என் கையிலிருந்து பானையை மெதுவாக வாங்கினாள்.

"ஓம் சித்தப்பா, எல்லாத்தையும் போட்டிட்டீங்கள்," என்றாள். "மேல வாங்கோ, கால் விறைக்கப் போகுது."